கினோசாகி ரியோக்கான்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊரான கினோசாகியில் தங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அறைக்குள்ளேயே வெந்நீர்த் தொட்டி இருக்கும் ரியோக்கானை, அதாவது மரபுவழி விடுதியை, தேடிப் பிடிப்பது. இரண்டாவது தவறு, மாலை 6 மணிக்கு வந்து சேர்வது. இரண்டையும் ஒருசேரச் செய்பவர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் யென்னுக்கு மேல் கூடக் கொடுத்து, ஊர் இலவசமாகத் தருவதைத் தவறவிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஹ்யோகோ மாநிலத்தின் வடகோடியில், ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில், மருயாமா ஆற்றோரம் இருக்கும் சிறிய ஊர் இது. ஊர் முழுவதும் ஒரே விடுதி என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்: ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், ரியோக்கான்கள் அறைகள், ஏழு பொதுக் குளியல் கூடங்கள்தான் குளியலறை. சுற்றுலா விளம்பரம்போலத் தோன்றினாலும் நடப்பு அதுதான். எந்த ரியோக்கானில் அறை எடுத்தாலும், அது மலிவானதோ விலை கூடியதோ, ஏழு கூடங்களுக்கும் நுழைவு அந்த வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. முன்மேசையில் 'யுமேபா' என்று பட்டைக்குறி அச்சிட்ட சீட்டு ஒன்று தருவார்கள். கூடத்து வாசலில் அதைக் காட்டிவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம். சீட்டு மறுநாள் எத்தனை மணி வரை செல்லும் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற வெந்நீர் ஊர்களில் பெரிய ரியோக்கான்களே பெரிய குளங்களைக் கட்டிக்கொண்டு, விருந்தினர் வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளும். கினோசாகி அப்படி ஆகாததற்குக் காரணம் ஒரு வழக்கு. வெந்நீர் ஊர்ச் சொத்து, தனி விடுதிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது பழைய வழக்கம். 1925 மே மாதம் வந்த நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஊர் அழிந்தது. திரும்பக் கட்டிய சூட்டோடு, 1927ல், விடுதிக்குள் வெந்நீர்க் குளியல் வைக்கலாமா என்ற தகராறு கிளம்பி, 1950ல்தான் சமரசத்தில் முடிந்தது. உட்குளியலுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் அளவுக்குக் கட்டுப்பாட்டோடு. ஆகவே இங்கே ரியோக்கானுக்குள் இருக்கும் குளம் சிறியதாக இருந்தால், அது விடுதிக்காரரின் கஞ்சத்தனம் அல்ல.

தண்ணீரைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்லிவிடலாம். நிறம் இல்லை, மணம் இல்லை, நாக்கில் பட்டால் லேசாக உப்புக் கரிக்கும். சோடியம், கால்சியம் குளோரைடு கலந்த வகை. குளித்துவிட்டு வந்தால் உப்பு தோலில் மெல்லிய படலமாகத் தங்கி வியர்வை ஆவியாவதைத் தடுக்கும். அதனால் உடம்புச் சூடு நெடுநேரம் இறங்காது. ஊற்றுகளிலிருந்து எடுக்கும் நீரை ஓரிடத்தில் சேர்த்துக் குழாய் வழியே ஊர் முழுவதற்கும் பங்கிடுகிறார்கள். ஏழு கூடங்களிலும் ஓடுவது ஒரே தண்ணீர். கூடத்துக்குக் கூடம் பரீட்சையில் தேர்ச்சி, பிள்ளைப்பேறு என்று சொல்லப்படும் பலன்கள் நம்பிக்கை சார்ந்தவை. வேதியியல் சார்ந்தவை அல்ல.

பொதுக் கூடங்களில் தண்ணீரைச் சுத்திகரித்துச் சுழற்றி விடுவதால் கூட்டமான நாளில் குளோரின் வாசனை தட்டுப்படலாம். ஜப்பானில் 2004ல் சில வெந்நீர் ஊர்களில் பொடி கலந்தும் குழாய்த் தண்ணீரை நிரப்பியும் ஏமாற்றியது வெளியாகிப் பெரிய சர்ச்சை ஆனது. மறு ஆண்டிலிருந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, சூடேற்றியிருக்கிறதா, சுழற்றுகிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்ற நான்கையும் உடைமாற்றும் அறையில் எழுதி மாட்டவேண்டும் என்று விதி வந்தது. பால்போல வெண்மையான நீர், கந்தக நெடி, ஊற்றிலிருந்து நேராக விழுந்து வழிந்தோடும் குளம் இவைதான் வேண்டும் என்றால் அகிதா மாநிலத்து ந்யூதோவுக்கோ, குன்மா மாநிலத்துக் குசாட்சுவுக்கோ போங்கள். அந்த வகையில் கினோசாகி போட்டிக்கே வராது. இங்கே கிடைப்பது தெரு: வில்லோ மரங்கள் சாய்ந்த ஓதானி ஓடை, அதன் மேல் வளைந்த கல்பாலங்கள், யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி உடுத்திக் கூடத்துக்குக் கூடம் நடக்கும் கூட்டம், மரச்செருப்பின் சத்தம்.

இனி விலை. ஜப்பானிய ரியோக்கான்கள் கட்டணத்தை ஆளுக்குத்தான் சொல்லும், அறைக்கு அல்ல. ஒரு இரவு, இரண்டு வேளை உணவு என்பதுதான் வழக்கமான கணக்கு. கினோசாகியில் நடுத்தர விடுதிக்கு ஆளுக்குச் சுமார் 20,000 முதல் 35,000 யென். நண்டுப் பருவத்தில் அது 35,000லிருந்து 60,000 வரை ஏறும். இருவர் என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் பதிவு செய்து கணக்கு முடிக்கும்போது திகைத்துப் போகிறவர்கள் உண்டு. வெந்நீர்க் குளியல் வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 150 யென். இதைப் பெரும்பாலும் விடுதியில்தான் தனியாக வாங்குவார்கள். பணிப்பெண்ணுக்கு இனாம் கொடுக்கவேண்டியதில்லை. தனியாகப் பயணம் செய்பவர்களுக்குப் பல விடுதிகள் அறை தருவதில்லை, அல்லது வாரநாளில் மட்டும் தரும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் போகும்; மீனும் இறைச்சியும் உங்கள் பெயரில் அன்று காலையே வாங்கியாகிவிட்டிருக்கும்.

அறைக்குள் தொட்டி உள்ள வகைக்குப் பணம் கொடுப்பது மூன்று பேருக்குத்தான் பொருந்தும்: அந்நியர் முன் ஆடையின்றிக் குளிக்கவே முடியாது என்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், துணையில்லாமல் குளிக்க முடியாத முதியவரை அழைத்து வருபவர்கள். அவர்களும் முதலில் 'காஷிகிரி' இருக்கிறதா என்று கேட்கலாம். 45 நிமிடமோ 50 நிமிடமோ ஒரு குளத்தைப் பூட்டிக்கொண்டு குடும்பமாகக் குளிக்கும் ஏற்பாடு அது. பல விடுதிகளில் இலவசம் அல்லது சிறு தொகை. அறைத் தொட்டியே வேண்டும் என்றால், அதில் வருவது ஊற்று நீரா, சூடேற்றிய குழாய் நீரா என்று எழுத்தில் கேளுங்கள். படத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. மிச்சமாகும் பணத்தை உணவில் போடுவதுதான் இந்த ஊரில் லாபம்.

கியோத்தோவிலிருந்து 'கினோசாகி' என்ற விரைவு ரயில், ஒசாகாவிலிருந்து 'கோனோதோரி'. இரண்டும் சுமாராக இரண்டரை முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான 'ஜேஆர் கன்சாய் வைட் ஏரியா பாஸ்' என்ற ரயில் சீட்டு இந்தத் தடத்துக்குச் செல்லும். ரயில்கள் அடிக்கடி இல்லை என்பதால் ஒன்றை விட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க நேரும். பெரும்பாலான ரியோக்கான்கள் மாலை 3 மணிக்கு அறையைத் திறக்கும், மறுநாள் காலை 10 மணிக்குத் திரும்பக் கேட்கும். மொத்தம் 19 மணி நேரம். இரவு உணவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி, உறக்கத்துக்கு 7 மணி, காலை உணவுக்கு ஒரு மணி போனால் மிச்சமிருப்பது 9 மணி நேரம்தான். 6 மணிக்கு வந்து சேர்பவர் அதில் மூன்றை ரயிலிலேயே தொலைத்துவிடுகிறார். அதோடு, சமையலறை பெரும்பாலும் 6 அல்லது 6.30க்குப் பரிமாறத் தொடங்கும். 7க்குப் பிறகு வந்தால் உணவு இல்லாமலே போகலாம், பணம் திரும்பாது. மதியமே வந்துவிட்டால் கவலையில்லை. நிலையத்துக்கு எதிரிலுள்ள தகவல் மையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போகலாம்.

ரியோக்கான் வாசலில் செருப்பைக் கழற்றுவதில் தொடங்கி, காலுக்கு மூன்று கட்ட ஒழுங்கு உண்டு. தாழ்வாரத்தில் விடுதிச் செருப்பு. பாய் விரித்த அறைக்கு முன் அதையும் கழற்றி வெறுங்காலோ காலுறையோ. கழிவறைக்குள் அங்கேயே கிடக்கும் தனிச் செருப்பு. வெளிநாட்டவர் அநேகமாகத் தவறுவது மூன்றாவதில்: கழிவறைச் செருப்போடு அறைக்குள் வந்துவிடுவார்கள். சக்கரப் பெட்டியைத் ததாமிப் பாயின் மேல் உருட்டக் கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். சுவரில் ஓவியச் சுருளும் பூச்சாடியுமாக உள்ளே தள்ளியிருக்கும் மாடம் 'தோகோனோமா'. கண்ணுக்கு அது பெட்டி வைக்கும் மேடைபோலத்தான் தெரியும். பெட்டியை அங்கே வைக்காதீர்கள். அறை அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். 8 பாய் அறை சுமார் 13 சதுர மீட்டர். இருவருக்குத் தாராளம், நான்கு பேருக்கு நெருக்கம்.

யுகாதாவை இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. உயரத்துக்கேற்ற அளவு தரப்படும். நுனி கணுக்காலைத் தொடுவதுதான் சரியான அளவு. நடைக்கு மரச்செருப்பு, கேதா. அதன் மேல் விடுதியின் பெயர் இருக்கும். எல்லா விடுதிகளின் கேதாக்களும் கூடத்து வாசலில் ஒன்றாகக் குவிவதால், உங்கள் விடுதிப் பெயரின் எழுத்து வடிவத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேதாவில் கால் நீட்டி நடந்தால் குதிகால் அடிபடும். சிற்றடி வைத்து, விரலிடுக்கால் பிடித்து நடந்தால் 20 நிமிடம் தாங்கும். பனி உறைந்த நாளில் கேதாவே வேண்டாம், ரப்பர் காலணி கேளுங்கள்.

நிலையத்திலிருந்து வரிசையாக ஏழு கூடங்கள்: சாதோ-நோ-யு, ஜிஸோ-யு, யானகி-யு, இச்சி-நோ-யு, கோஷோ-நோ-யு, மந்தாரா-யு, கோ-நோ-யு. முதலிலிருந்து கடைசிக்கு நடக்க 20 நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஏழையும் ஒரே மாலையில் முடிப்பது முட்டாள்தனம். 42 டிகிரிக்குக் குறையாத நீரில் ஏழு முறை இறங்கி ஏறினால் தலைசுற்றிக் கீழே விழ வாய்ப்பு அதிகம். 'நொபோசெ' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மாலையில் மூன்று, காலையில் ஒன்று என்பது நிதானமான அளவு.

எந்த மூன்று? கோஷோ-நோ-யு கட்டாயம்: மலைச்சரிவின் கீழே, அருவியைப் பார்த்தபடி அமைந்த திறந்தவெளிக் குளம். அதனாலேயே இரவு 8க்கு மேல் கூட்டம் நெரிக்கும்; 3.30க்குப் போங்கள். அடுத்து கோ-நோ-யு. நிலையத்துக்கு மிகத் தொலைவில் இருப்பதால் சோம்பேறிகள் வருவதில்லை. தோட்டத்துக்கு நடுவே அமைதியான குளம். காயம்பட்ட நாரை ஒன்று இங்கே காலை நனைத்துக் குணமடைந்ததாக ஊரின் கதை. மூன்றாவது உங்கள் விருப்பம். பாறைக் குகைக்குள் குளிக்கும் இச்சி-நோ-யு படத்தில் காட்டுவதைவிடச் சிறியது. யானகி-யு ஏழிலும் சிறியது, மரத்தொட்டி, ஐந்தாறு பேர் இருந்தாலே தோள் உரசும். மந்தாரா-யு, 720ல் தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வேண்டுதல் முடித்தபோது வெந்நீர் பீறிட்டதாகச் சொல்லப்படும் இடம். வெளியே பீப்பாய் வடிவத் தொட்டிகள். ஜிஸோ-யு குழந்தைகளோடு வருபவர்களுக்குச் சௌகரியம். ஒவ்வொரு கூடத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அது கூடத்துக்குக் கூடம் மாறும். பராமரிப்புக்காக நீண்ட நாள் மூடுவதும் உண்டு. விடுதியில் அன்றைய பட்டியல் இருக்கும், அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஆண், பெண் பகுதிகளுக்கு எழுத்தில்தான் அடையாளம். மேலே நான்கு கட்டம் போட்ட சன்னல் போன்ற எழுத்து ஆண்களுக்கு. கால்களைக் குறுக்கே மடித்து உட்கார்ந்த உருவம் போன்றது பெண்களுக்கு. சில இடங்களில் திரைத்துணியை நாளுக்கு நாள் இடம் மாற்றிப் போடுவார்கள். 'நேற்று இந்தப் பக்கம்தானே போனோம்' என்ற ஞாபகத்தை நம்பி நுழையவேண்டாம்.

உள்ளே ஆடை எதுவும் கிடையாது, நீச்சலுடையும் கூடாது. சிறு துண்டு ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லலாம். பெரிய துண்டு உடைமாற்றும் அறையிலேயே இருக்கட்டும். முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகே குளத்தில் இறங்கவேண்டும். நின்றுகொண்டு குளித்தால் அடுத்தவர் மேல் தெறிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் ஷாம்பு போட்டு முற்றிலும் போக்கிவிடுங்கள், குளத்து நீரில் எண்ணெய்ப் படலம் உடனே தெரிந்துவிடும். நீள முடியைக் கொண்டை போடவேண்டும். துண்டு நீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வதே வழக்கம். இறங்கும் முன் காலிலிருந்து தொடங்கி மேலே மேலே வெந்நீரை ஊற்றிப் பழக்கினால் ரத்த அழுத்தம் திடீரென மாறாது. 5 நிமிடம், வெளியே வந்து ஓய்வு, மறுபடி 5 நிமிடம். ஏறியதும் சிறு துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டே உடைமாற்றும் அறைக்குள் கால் வைக்கவேண்டும். ஈரத் தரைதான் அங்கே அதிகம் முகம் சுளிக்க வைப்பது.

பச்சை குத்தியவர்களுக்கு நல்ல செய்தி: ஜப்பானின் பல வெந்நீர்க் கூடங்கள் மறுக்கையில் கினோசாகியின் ஏழு பொதுக் கூடங்களிலும் தடையில்லை. விடுதியின் உட்குளத்துக்கு அந்தந்த விடுதியின் விதி. வெள்ளி மெட்டி, கொலுசு கறுக்குமோ என்று அஞ்சவும் வேண்டாம்; கறுக்க வைப்பது கந்தக நீர், இங்கே அது இல்லை. கர்ப்பிணிகள் குளிக்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஜப்பான் அரசு 2014ல் நீக்கிவிட்டது. ஆனாலும் வழுக்கும் தரையும் அதிகச் சூடும் இருப்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. காய்ச்சல், கடுமையான இதயநோய் உள்ளவர்களும், மது அருந்தியவர்களும் இறங்கவே கூடாது.

இரவு உணவுதான் செலவின் பெரும்பகுதி, தங்கலின் உச்சமும் அதுவே. எட்டு முதல் பன்னிரண்டு சிறு தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக: தொடக்கக் கொறிப்பு, தெளிந்த சூப், பச்சை மீன் துண்டுகள், சுட்டது, வேகவைத்தது, பொரித்தது, புளிப்பூட்டியது, கடைசியில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும், பிறகு பழம். சோறு முதலில் வராது. 'சோறு எங்கே' என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் முடிந்துவிட்டது என்று நினைத்து மிச்சத் தட்டுகளை வேகமாக அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

நவம்பர் 6ல் பனிநண்டுப் பிடிப்பு தொடங்குகிறது. பெண் நண்டு டிசம்பர் முடியும் வரை, ஆண் நண்டு மார்ச் 20 வரை. பக்கத்துத் துறைமுகமான சுயியாமாவில் இறங்கிய நண்டின் காலில் நீலச் சீட்டு கட்டியிருக்கும். மலிவான 'நண்டு விருந்து' என்றால் உறைய வைத்த இறக்குமதிச் சரக்காக இருக்கலாம். சீட்டு உள்ள நண்டா, ஆளுக்கு எத்தனை, முழு நண்டா பாதியா என்ற மூன்றையும் பதிவுக்கு முன் கேளுங்கள். ஒழுங்கான விருந்தில் பச்சையாக ஒரு கால், கரியில் சுட்டது, ஓட்டில் வைத்துச் சுட்ட நண்டுக் கொழுப்பு, கொதிசட்டி, கடைசியில் அந்தச் சாற்றிலேயே முட்டை சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி எல்லாம் வரும். கஞ்சிக்கு இடம் விடாமல் தின்றுவிட்டால் அது உங்கள் இழப்பு. பருவம் இல்லாத மாதங்களில் தாஜிமா மாட்டிறைச்சி முன்னுக்கு வரும். கோபே மாட்டிறைச்சி என்று உலகம் கொண்டாடுவது இதே மாட்டினத்தின் தரம் பிரித்த இறைச்சிதான். மாட்டிறைச்சி ஆகாதவர்கள் பதிவின்போதே சொல்லிவிட்டால் மாற்றித் தருவார்கள். மேஜைக்கு வந்த பிறகு சொன்னால் மாற்றச் சரக்கு இருக்காது.

சைவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டியது: உணவோடு சேர்ந்த கட்டணம் உங்களுக்கு நஷ்டம். காய்கறிக் கூட்டிலும், சூப்பிலும், முட்டைச் சுருளிலும், தொட்டுக்கொள்ளும் சாற்றிலும்கூட 'தாஷி' என்ற மீன் சாறு இருக்கும். மீன் இல்லை என்று சொல்லி வருவதிலும் அது இருக்கும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் தாஷி மீன் உணவு அல்ல, சுவை. 'காட்சுவோ தாஷியும் கூடாது' என்று தனியாக எழுதிக் கேட்டால் சில விடுதிகள் 'கொம்பு' என்ற கடற்பாசியின் சாற்றில் செய்து தரும், பல விடுதிகள் முடியாது என்று பணிவாக மறுக்கும். அந்த மறுப்பை மதித்து, உணவில்லாத 'சுதோமாரி' வகையை எடுங்கள். ஊரின் சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடிவிடுவதால், கியோத்தோவிலேயே கட்டுச்சோறு வாங்கிக்கொண்டு வருவது பத்திரம். ரியோக்கான் பாணி உபசாரமும் சைவ விருந்தும் சேர்ந்தே வேண்டும் என்றால் வாகயாமா மாநிலத்துக் கோயாசான் மலையில் கோயில்களே நடத்தும் தங்குமிடங்களுக்குப் போகலாம். அங்கே துறவியர் மரபுச் சமையல்தான்.

நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பணிப்பெண் வந்து தரையில் மெத்தை விரித்துவிடுவார். மெத்தை மெல்லியது. முதுகு தாங்காதவர்கள் இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டு வாங்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சில விடுதிகளில் தலையணைக்குள் கோதுமை ரகத்தைச் சேராத சோபா தானியத்தின் உமி இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் வேறு கேட்கவும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், சாப்பாட்டு மேஜை தரையை ஒட்டியே இருப்பது. கால் இல்லாத முதுகுசாய்வு நாற்காலி போதாது என்றால், நாற்காலி மேஜை உள்ள உணவறை இருக்கும் விடுதியாகப் பார்க்கவேண்டும். பழைய மரக்கட்டட விடுதிகளில் மின்தூக்கி இருக்காது, படி செங்குத்து, பக்கத்து அறை இருமல்வரை கேட்கும். அந்தக் கட்டடங்களின் அழகுக்கு இதுதான் விலை. உறக்கம் மெல்லியவர்கள் புதிய கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். அறைச்சாவி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கணவனும் மனைவியும் வெவ்வேறு நேரத்தில் குளித்து முடிப்பார்கள் என்பதால், வெளியே போகும்போது முன்மேசையில் கொடுத்துவிட்டுப் போனால் தெருவில் காத்து நிற்கவேண்டியிருக்காது.

காலை 7 மணிக்குத் திறக்கும் கூடங்களில் அன்று முதலாவதாக நுழையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'இச்சிபான் ஃபுதா' என்று நினைவுச் சீட்டு ஒன்று தருவார்கள். இதற்காக 6.30க்கே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. சீட்டு கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்துக் குளம் மாலையைவிடத் துப்புரவாக, ஆள் குறைவாக இருக்கும். யானகி-யுவும் மந்தாரா-யுவும் மாலை 3 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், அவை உங்கள் பட்டியலில் இருந்தால் வந்த அன்றே முடித்துவிடுங்கள். மறுநாள் அவற்றின் கதவு திறக்கும் நேரத்தில் நீங்கள் கியோத்தோ ரயிலில் இருப்பீர்கள்.